இன்னிக்கு யாராச்சும் பாத்தீங்களா?

காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு எங்கள் வேன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வாசலுக்கு வந்து நிற்கும். ஏழு மணிக்கு ஷிப்ட். உள்ளே நாங்கள் பன்னிரண்டு பெண்கள். வேனின் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. உள் கைப்பிடி எந்தக் காலத்திலோ கழன்று விழுந்தது, மாட்டவே இல்லை. வேன் அண்ணன்தான் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, வெளியிலிருந்து இழுத்துத் திறக்க வேண்டும். சுற்றி வருவார். கைப்பிடியில் கையை வைப்பார். ஆனால் இழுக்கமாட்டார். ஜன்னல் வழியாக எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்பார்.

“இன்னிக்குச் சாமிய யாராச்சும் பாத்தீங்களா?”

ஒருத்தியாவது பதில் சொன்னால்தான் கதவு திறக்கும். சொல்லாவிட்டால் அவர் அப்படியே நிற்பார். கோபப்படமாட்டார், அவசரப்படமாட்டார். கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி நிற்பார். உள்ளே நாங்கள்தான் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நான் முதல் நாள் டத்தோ கிராமாட்டில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே அந்த வேனில் ஏறியபோது இது எதுவும் எனக்குத் தெரியாது. தொழிற்சாலை வாசலில் அவர் கேட்டதும், புது ஆள் ஆயிற்றே, நல்ல பெயர் வாங்கலாம் என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேண்ணே. நல்ல தரிசனம்.”

“கோயில் சேராதும்மா. அங்க இருக்காருன்னு ஊருக்கே தெரியும். வழியில எங்கயாச்சும் பாத்தியா? வீட்டுல, பாசார்ல, பஸ் ஸ்டாப்புல?”

ஆள் கொஞ்சம் கழண்ட கேஸ் போல என்று நினைத்துக்கொண்டேன். பின் சீட்டிலிருந்த ராஜி என் முதுகில் ஒரு குத்து விட்டு, “நேத்து ராத்திரி என் புள்ள ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டாண்ணே, கெஞ்சாம” என்று கத்தினாள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது. “ரெண்டு தட்டா! என்ன கொழம்பு?” என்று கேட்டுக்கொண்டே கதவை இழுத்தார். நாங்கள் ஓடினோம்.

ராஜிதான் எனக்குச் சட்டதிட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். கோயில், சர்ச், மசூதி எதுவும் சேராது. கனவு சேராது. போனில் யாராவது அனுப்புகிற படம் சேரவே சேராது. நேற்று சாயங்காலம் வேனிலிருந்து இறங்கியதற்கும் இன்று காலை வேன் நிற்பதற்கும் நடுவில் நடந்ததாக இருக்க வேண்டும். சின்ன விஷயமாக இருந்தால் இன்னும் நல்லது. பெரிய விஷயம் சொன்னால் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. “அதெல்லாம் பேப்பர்ல வந்துரும்மா” என்பார்.

வேனில் தமிழச்சிகள் மட்டும் இல்லை. கக் சோம் என்று ஒரு மலாய் அக்கா இருந்தார். அவரிடம் மட்டும் அண்ணன் “பாத்தியா” என்று கேட்கமாட்டார், “துஹான் உங்களுக்கு இன்னிக்கு என்ன குடுத்தாரு?” என்று மலாயில் மரியாதையாகக் கேட்பார். துஹான் என்றால் கடவுள். மெய் லிங் என்று ஒரு சீனப் பெண் இருந்தாள். அவள் எல்லாவற்றையும் “லக்கி லா அங்கிள், லக்கி” என்றுதான் சொல்லுவாள். “லக்கின்னாலும் அதே ஆள்தான்” என்று கதவைத் திறந்துவிடுவார். இந்த விஷயத்தில் அவ்வளவு தாராளம்.

மற்ற விஷயங்களிலும் அப்படித்தான். பாலத்திலிருந்து இறங்குகிற வண்டியெல்லாம் குறுக்கே நுழைந்து ஜாம் ஆகும்போது மற்ற டிரைவர்கள் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்வார்கள். இவர் ஹார்ன் அடித்து நான் கேட்டதே இல்லை. “அவனுக்கு என்ன அவசரமோ, பாவம்” என்று வழி விடுவார். பத்துப் பேருக்கு வழி விட்டால் பதினோராவது ஆள் தானாக வந்து நுழைவான். எங்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னொரு பழக்கம்: யாராவது அவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால், நன்றாகக் காதில் விழட்டும் என்று முன்கதவுக்குள் கையை விட்டு ஏர்கோன் குளிர்காற்றை நிறுத்திவிடுவார். பன்னிரண்டு பெண்கள் பூட்டின வேனுக்குள் பவுடர் கரைந்து வழிய உட்கார்ந்திருப்போம். சாமியைப் பார்த்த கதை ஒரு பக்கம் ஓடும்.

அதைவிடக் கொடுமை அவருடைய குறுக்கு விசாரணை.

கக் சோம் ஒரு நாள், மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது கடைசி மீனைத் திருப்பிப் போட்டு எடுத்ததும்தான் கேஸ் தீர்ந்தது என்றார். நல்ல விஷயம்தான், திறந்துவிட வேண்டியதுதானே? இல்லை. “என்ன மீனு? எத்தன மீனு? கேஸ் தீந்தது சத்தத்துல தெரிஞ்சுதா, நெருப்புல தெரிஞ்சுதா?” கக் சோமுக்கும் ஆசை வந்துவிட்டது. மீனைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்தார். கெம்போங் மீன் ஆறு; ஆறாவது மீன் வேகும்வரை நாங்கள் உள்ளே வெந்தோம். சாயங்காலம் திரும்பி வரும்போதும் விடவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்து, “கக், அந்த மீனுக்கு மஞ்சள் மட்டும்தான் போட்டீங்களா?” என்றார்.

ராஜி ஒரு முறை, மாமியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கப் பேச்சு வரவில்லை என்றாள். அவருக்குச் சந்தேகம். “அது சாமிதானா தங்கச்சி?”

“சத்தியமாண்ணே. வீடே கோயில் மாதிரி இருந்துச்சு.”

திறந்துவிட்டார். ஆனால் முழு மனதோடு இல்லை.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும், எனக்கு அந்த விளக்கு இல்லாவிட்டால். தொழிற்சாலை வாசலில் ஒரு பெட்டி உண்டு. கார்டைக் காட்டினால் ஏழு மணிவரை பச்சை விளக்கு எரியும். ஏழுக்கு மேல் ஒரு வினாடி ஆனாலும் சிவப்பு. நான் அங்கே மூன்று வருடமாகக் காண்ட்ராக்ட். கன்ஃபர்ம் ஆனால்தான் வருடாந்தர லீவு, போனஸ், குடும்பத்துக்கே கிளினிக் கார்டு, எல்லாம். என் வீட்டுக்காரர் லோரி அட்டெண்டன்ட். வேலை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் டிவி பார்ப்பார். அதனால் அந்தக் கன்ஃபர்ம் லெட்டரைத்தான் நான் தினம் கனவில் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் எச்.ஆர். அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள்: வேலை நல்லாப் பண்றே, லெட்டர் கண்டிப்பாக வரும், ஆனால் வருடத்துக்குள் மூன்று சிவப்பு விழக்கூடாது.

கக் சோமின் ஆறு மீனும் எனக்கு முதல் சிவப்பு.

அன்றைக்கு மத்தியானம் கேண்டீனில் ராஜி ஓவர்டைம் படிவத்தைத் திருப்பிப் போட்டு அட்டவணை எழுதினாள். திங்கள் இவள், செவ்வாய் அவள் என்று முறை. முறைக்காரி முந்தின நாளே ஒன்றைத் தயார் செய்துகொண்டு வர வேண்டும். சுருக்கமாக இருக்க வேண்டும். குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுக்கக்கூடாது. நிஜமாக நடந்திருக்க வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை, ராஜியும் சொல்லவில்லை. பன்னிரண்டு பெண்களுக்கு வீட்டு வேலை, பிள்ளை, ஷிப்ட் எல்லாம் போக, சாமியைத் தேடிக்கொண்டு அலைய யாருக்கு நேரம் இருக்கிறது? நாங்கள் வேனில் ஏறினால் பாதிப் பேர் தூங்குவோம், மீதிப் பேர் போனைப் பார்ப்போம்.

என் முறைக்கு நான் தயாரித்தது இதுதான். எங்கள் பிளாட்டில் ஒரு சீன அங்கிள் தினமும் காலையில் எனக்காகக் காலை நீட்டி லிஃப்ட் கதவைத் தடுத்துப் பிடிக்கிறார். பச்சைப் பொய். எங்கள் பிளாட்டில் லிஃப்டை யாரும் யாருக்கும் பிடிக்கமாட்டார்கள். ஒன்பதாவது மாடியில் ஒரு சீனக் கிழவர் இருக்கிறார், குருவிக் கூண்டும் கையுமாக. நாம் ஓடி வருவதைப் பார்த்தால் வேண்டுமென்றே மூடுகிற பொத்தானை அழுத்துவார். அவர் கண்ணில் அப்போது ஒரு சந்தோஷம் தெரியும். அந்தக் கடுப்பில்தான் எனக்கு இந்தக் கதையே தோன்றியது.

“எந்தக் காலு?” என்று கேட்டார் அண்ணன்.

“வலது.”

“சிலிப்பரு போட்டிருந்தாரா?”

“பச்ச சிலிப்பரு.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே திறந்தார். மணி ஆறு ஐம்பத்தேழு. நான் பச்சை விளக்கில் உள்ளே போனேன். பொய் எவ்வளவு சுகமான சாமான் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு புதன்கிழமை ராஜியின் முறை. அவள் எதையும் தயார் செய்யவில்லை. அவர் கேட்டதும் வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டாள்: “எங்க பிளாட்டுல ஒரு சீன அங்கிள், லிஃப்டக் காலால புடிச்சாருண்ணே.” சொல்லி முடித்த பிறகுதான் அது என் கதை என்று அவளுக்கு உறைத்தது. ராஜியும் அதே பிளாட் கட்டடம்தான்.

அண்ணன் ஏர்கோனை நிறுத்தினார். “அதே அங்கிளா?”

“அதே அங்கிள்தாண்ணே. அதே காலு.”

அவர் கண் கலங்கிவிட்டது. பொய்யில்லை, கலங்கிவிட்டது. “பாத்தீங்களா. மூணு மாசமா அங்கேயே நிக்கிறாரு.” அதற்கப்புறம் ஒரு கேள்வியா இரண்டு கேள்வியா? எத்தனை மணிக்கு வருவார், தனியாகத்தான் வருவாரா, கால் வலிக்காதா. கதவு திறந்தபோது மணி ஏழு பூஜ்யம் இரண்டு. எனக்கு இரண்டாவது சிவப்பு.

அடுத்த திங்கள் வேனில் ஏறும்போதே அவர் முகத்தில் ஒரு பூரிப்பு. “தங்கச்சி, ஞாயித்துக்கிழமை உங்க பிளாட்டுக்கு வந்தேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எதுக்குண்ணே?”

“அந்த அங்கிளப் பாக்கத்தான். பாலிக் புலாவுல என் மச்சானுக்குத் தோட்டம் இருக்கு. ஒரு நல்ல டுரியான் பழமா வாங்கிட்டு வந்தேன். லிஃப்டுகிட்ட ஒரு மணி நேரம் நின்னேன். நாலு சீன அங்கிளுங்க வந்தாங்க. கடைசி ஆளப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. வெள்ள பனியன், கையில குருவிக் கூண்டு. ‘நீங்க லிஃப்டப் புடிக்கிறீங்களாமே, எங்க வேன்ல எல்லாருக்கும் தெரியும், ரொம்ப நன்றி’ன்னு சொல்லிக் கையில குடுத்துட்டு வந்துட்டேன்.”

“அவர் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. வாயே தொறக்கல. நல்லவங்க அப்படித்தாம்மா, காட்டிக்கமாட்டாங்க.”

ஊரில் எத்தனையோ கிழவர் இருக்க, போயும் போயும் அந்த மூடுபொத்தான் கிழவருக்கா டுரியான்! ராஜி முன் சீட்டின் முதுகைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனதெல்லாம் இரண்டு சிவப்பிலேயே இருந்தது. லெட்டருக்கு இன்னும் ஐந்து வாரம்.

அன்றைக்கே கேண்டீனில் முடிவெடுத்தோம். இனிமேல் யாரும் பதில் சொல்வதில்லை. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருப்பது. எத்தனை நாள்தான் நிற்பார், பார்த்துவிடுவோம். ஒரு நாள் எல்லாருக்கும் சிவப்பு விழுந்தால் தொழிற்சாலையே அவருக்கு எச்சரிக்கைக் கடுதாசி கொடுக்கும். எனக்காக ராஜி வகுத்த திட்டம் என்றாலும் மூன்றாவது சிவப்பு எனக்குத்தான் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாங்கள் போட்ட திட்டம் அந்த லட்சணம்.

மறுநாள் அவர் கேட்டார். நாங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு ஐம்பத்தாறு. ஐம்பத்தேழு. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கக் சோமிடம் மலாயில் தனியாகக் கேட்டார். கக் சோம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐம்பத்தெட்டுக்கு, நானே சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவர் கதவைத் திறந்துவிட்டார்.

“யாருமே பாக்கலையா? சரி, எறங்குங்க, நேரமாவுது.”

ஜெயித்துவிட்டோம். பச்சை விளக்கு. அடுத்த நாள் அவர் கேட்கவே இல்லை. வந்தார், திறந்தார், போனார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஐம்பத்தைந்துக்கு வேன் நிற்கும், ஐம்பத்தாறுக்கு நாங்கள் உள்ளே இருப்போம். இதற்குத்தானே ஆசைப்பட்டோம்? ஆனால் வேனில் ஒருத்திக்கும் பேச்சு வரவில்லை. சாயங்காலம் அவர் கண்ணாடியில் எங்களைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார். இரண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் அவருக்கு நேர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

“என்னாண்ணே, கோவமா?”

“கோவமா? யாரு மேல?”

“அப்புறம் ஏன் கேக்கமாட்டேங்கிறீங்க? நீங்க எத்தனையோ பாத்திருப்பீங்க, அதையாவது சொல்லுங்களேன்.”

“நானா?” அவர் சிரித்தார். “எனக்கு ஒண்ணுமே தெரியமாட்டேங்குதும்மா. காலையில நாலரைக்கு ஸ்டேரிங்கப் புடிச்சா ரோடுதான். முன்னாடி வண்டியோட பிரேக் லைட்டு, அத விட்டா சிக்னல் லைட்டு. வேற எதையும் பாத்தா இடிச்சிருவேன். உங்களுக்குத்தானே ஜன்னல் இருக்கு.”

ஜன்னல். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பதினோரு பேரும் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் அவரே சொன்னார். அவர் மனைவிக்கு ஸ்ட்ரோக் வந்து நான்கு வருடம் ஆகிறது. படுக்கைதான். வீட்டுக்குப் போனதும் அந்த அக்கா கேட்கிற முதல் கேள்வி, “இன்னிக்கு எங்க பாத்தாங்க?” நாங்கள் சொன்னதையெல்லாம் அவர் அப்படியே கொண்டுபோய்ச் சொல்லுவார். அந்த அக்காதான் குறுக்கு விசாரணை செய்வார். எந்தக் கால், என்ன சிலிப்பர், மீனுக்கு மஞ்சள் மட்டுமா. பதில் தெரியாமல் அவர் விழித்தால், “கேட்டுட்டு வரக்கூடாது?” என்று திட்டு விழும். டுரியான் கொடுக்கச் சொன்னதும் அந்த அக்காதான்.

“இப்ப ரெண்டு வாரமா நானே ஏதாச்சும் கட்டிச் சொல்றேன். ஒடனே கண்டுபுடிச்சிர்றா. ‘நீங்க பொய் சொல்றீங்க. அந்தப் பொண்ணுங்க சொன்னதச் சொல்லுங்க, அதுங்கதான் உள்ளதச் சொல்லும்’கிறா.”

எனக்கு அந்த இடத்திலேயே வேனிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. கதவுதான் திறக்காதே.

கேண்டீனில் சொன்னேன். ராஜி, எதற்கும் அழாதவள், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைத் தள்ளிவைத்துவிட்டு அழுதாள். அன்றிலிருந்து யாரும் வேனில் தூங்குவதில்லை, போனை எடுப்பதில்லை என்று முடிவு. நிஜமாக ஒன்றைப் பார்த்து அவருக்குச் சொல்லிவிட வேண்டும். ஆளுக்கொரு ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். இரண்டு வாரம் பார்த்ததில் தெரிந்தது மோட்டார் சைக்கிள், குப்பை லோரி, எதிர் வேனில் எங்களை முறைத்துப் பார்த்த இன்னொரு தொழிற்சாலைப் பெண்கள். பொய் என்றால் தினம் ஒன்று வந்தது. நிஜம் என்றதும் சாமி ஊரைக் காலி பண்ணிவிட்டுப் போய்விட்டார் போல.

இதற்குள் என் லெட்டருக்கு நான்கே நாள்தான் பாக்கி. அன்றைக்குக் காலையில் பார்த்துக் குழாய் உடைந்து, சமையலறையெல்லாம் தண்ணீர். பாதிப் பொத்தான் போட்ட சட்டையும் கையில் செருப்புமாக ஐந்தாவது மாடி நடையில் ஓடுகிறேன். லிஃப்ட் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. இடுக்கில் பார்த்தால் உள்ளே யார்? வெள்ளை பனியன், குருவிக் கூண்டு. கண்ணும் கண்ணும் பார்த்துக்கொண்டன. போச்சு, தொலைந்தேன் என்று நின்றுவிட்டேன். அப்போது அந்த இடுக்கில் ஒரு கால் வந்தது. கதவு அதன் மேல் மடேரென்று மோதித் திறந்தது.

“மசோக் லா!” என்று கத்தினார், சீக்கிரம் உள்ளே வா என்று. நான் ஏறியதும் காலைத் தேய்த்துக்கொண்டே மலாயில் புலம்ப ஆரம்பித்தார். யாரோ ஒரு தமிழ் வேன்காரர் வந்து டுரியான் கொடுத்தாராம். அந்த மாதிரி டுரியானைப் பத்து வருடத்தில் சாப்பிட்டதில்லையாம். சாப்பிட்டு முடித்த பிறகுதான் யோசித்தாராம், ‘நான் எப்போது லிஃப்டைப் பிடித்தேன்?’ என்று. சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதனால் அன்றிலிருந்து கண்ணில் பட்டவனுக்கெல்லாம் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். நானும் ராஜியும்தான் இத்தனை நாள் அவர் கண்ணில் படவில்லை. கால் வீங்கிவிட்டதாம். “எத்தனை நாளைக்குப் பிடிக்க வேண்டும் என்று உன் ஆளைக் கேட்டுச் சொல்” என்றார்.

நான் வேனில் எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது. தொழிற்சாலை வாசலில் அவர் வழக்கம்போல் சுற்றி வந்து, எதுவும் கேட்காமல் கதவை இழுக்கப் போனார்.

“அண்ணே, இருங்க. தொறக்காதீங்க.”

“ஏய், மணி என்னாவுது தெரியுமா?” என்று ராஜி என்னைக் கிள்ளினாள்.

சொன்னேன். குழாய் உடைந்ததிலிருந்து சொன்னேன். அவர் ஏர்கோனை நிறுத்தினார். “அவருதான் தினம் புடிக்கிறாரே, இதுல என்னம்மா புதுசு?” என்றார். இங்கேதான் மாட்டிக்கொண்டேன். முன்னது பொய் என்று சொல்லாமல் இது நிஜம் என்று எப்படிச் சொல்வது? வாட்சைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. ‘ஆமாண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பச்சை விளக்கு.

“முன்னாடி சொன்னது பொய்யிண்ணே. நானும் ராஜியும் சொன்னது. அந்தாளு அப்பல்லாம் கதவ மூஞ்சியில சாத்துவாரு. நீங்க டுரியான் குடுத்த பின்னாடிதான் புடிக்கிறாரு.”

அவர் கை கைப்பிடியிலேயே இருந்தது. ராஜி எழுந்து நின்று, தலை கூரையில் இடிக்க, “என்னோடதும் பொய்யிண்ணே. மாமியார் அன்னிக்கு நல்லாத்தான் பேசுனாங்க” என்றாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக ஆரம்பித்தார்கள். மெய் லிங்கும் தலையைக் குனிந்துகொண்டு “ஸோரி அங்கிள்” என்றாள். கக் சோமுக்கு மட்டும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “என் மீன் நிஜம்! நான் பொய் சொல்லவில்லை! ஆறு மீனும் நிஜம்!”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மீனு உண்ம. இன்னிக்குக் காலு உண்ம,” என்றார் மெதுவாக. “ரெண்டு இருக்கே.” கதவைத் திறந்தார். “தங்கச்சி, இத நீயே வந்து வீட்டுல சொல்லு. என் வாயால வராது.”

ஏழு பூஜ்யம் ஆறு. வரிசையாகப் பன்னிரண்டு சிவப்பு. கன்ஃபர்ம் ஆன மற்றவர்களுக்கு அது வெறும் ஒரு சிவப்பு. எனக்கு மூன்றாவது. எச்.ஆர். அம்மாள் லெட்டரை ஆறு மாதம் தள்ளிப்போட்டாள். வீட்டில் என் கணவர் டிவியைக்கூட நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ‘சாமியால வந்த வினை’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஜாம் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெலுத்தோங்கில் அவர் பிளாட்டுக்குப் போனேன். அந்த அக்கா ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். வலது பக்கம் அசைவில்லை, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, பேச்சு மெதுவாக வந்தது. ஆனால் கண் மட்டும், அப்பப்பா, போலீஸ்காரி கண். நான் சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்தினார்.

“எந்தக் காலு?”

“இடதுக்கா.”

“சிலிப்பரு?”

“நீலம். வார் அறுந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தாரு.”

“மொத தடவ வலது காலுன்னு சொன்னே. பச்ச சிலிப்பருன்னு சொன்னே.”

“அது பொய்க்கா,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. “எல்லாருமே பொய் சொன்னோங்க்கா. கக் சோம் மீனு மட்டுந்தான் உண்ம.”

அக்கா ஜன்னலைப் பார்த்தார். எதிர் பிளாட்டில் கம்பி கம்பியாகத் துணி காய்ந்துகொண்டிருந்தது. நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன்.

“இவரு டுரியான் குடுத்தது அந்தப் பொய்யி கேட்டுத்தானே?”

“ஆமாக்கா.”

“அதுக்கப்புறந்தான் அந்தாளு காலை வெச்சாரு?”

“ஆமாக்கா.”

“பொய்யச் சொல்லிக் கூப்பிட்டாக்கூடச் சாமி வந்து நிக்கிறாரே,” என்றார் அக்கா. “அவருக்கு வேற வேலையே இல்ல போலருக்கு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். முகத்தில் பாதிதான் சிரித்தது, ஆனால் கட்டிலே குலுங்கியது. மாமியார் தொண்டையைச் சொல்லச் சொன்னார். சொன்னேன், இன்னும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, துடைக்கக்கூடத் தோன்றாமல் சிரித்தார். எனக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து மூக்கெல்லாம் ஒழுகியது. திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சமையலறை வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். எப்போதிருந்து நிற்கிறாரோ தெரியவில்லை. தட்டு சாய்ந்து தேநீர் அவர் காலில் ஊற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணே, டீ ஊத்துது!”

“ஊத்தட்டும்மா,” என்றார், அந்த அக்காவிடமிருந்து கண்ணை எடுக்காமல். “பாத்துக்கிட்டிருக்கேன்.”